இரண்டாவது அடுப்பையும் எண்ணுங்கள் ஐயா: டித்வா வெள்ள நிவாரணம் பற்றிய எங்கள் நான்காவது மனு

திகதி: 2026.03.16
கொட்டியாரப்பற்று,
திருகோணமலை மாவட்டம்.

மாவட்டத்தில் அனர்த்த நிவாரண வேலைகளுக்குப் பொறுப்பான மேலதிகாரி ஐயா அவர்களுக்கு,

விடயம்: ஒரே வளவுக்குள் தனி வீட்டில் தனி உலை வைத்து வாழும் குடும்பங்களை வெள்ள நிவாரணப் பட்டியலில் சேர்க்கக் கோரல்

ஐயா, வணக்கம்.

இது நாங்கள் எழுதும் நான்காவது கடிதம். முதலாவதை டிசம்பர் கடைசியில் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் குத்தித் தந்தார்கள். இரண்டாவது பதிவுத் தபாலில் போனது. மூன்றாவதை நடமாடும் சேவை நடந்த அன்று மேசையில் இருந்தவரிடம் கொடுத்தோம், அவர் முழுவதும் வாசித்துப் பார்த்துவிட்டு "மேலே அனுப்புகிறோம்" என்றார். மூன்றுக்கும் இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை. மேலே என்றால் நீங்கள்தான் என்று எடுத்துக்கொண்டு நேராக உங்களுக்கே எழுதுகிறோம், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எங்கள் இடம் தெரியும். தண்ணி வற்றிய கிழமை நீங்கள் வந்து பாலத்தடியில் இறங்கி நின்று பார்த்ததை எங்கள் பிள்ளைகள் கண்டார்கள். ஆகவே கங்கை எந்தப் பக்கத்தால் கடலுக்கு இறங்குகிறது (எங்களுக்குக் கங்கை என்றால் மகாவலிதான்), மாவிலாறு எங்கே, வெருகல் எங்கே என்றெல்லாம் எழுதவில்லை. நேராக விடயத்துக்கு வருகிறேன்.

1. 2025 நவம்பர் 28ஆம் திகதி வந்த டித்வாப் புயலின் காற்று எங்களைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நாலு தென்னை விழுந்தது, தகரம் பறந்தது, அவ்வளவுதான். எங்களை அடித்தது அதற்குப் பிறகு வந்த தண்ணி. மலைநாட்டில் கொட்டியதெல்லாம் கங்கையோடு இறங்கி வந்து, 30ஆம் திகதி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. வளவுக்குள் நெஞ்சளவு தண்ணி. படகில் ஏற்றிக் கரை சேர்த்தவர்களுக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்த பதினொரு நாளும் சோறு தந்தவர்களுக்கும் நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள். அவர்கள் எங்களிடம் எந்த மொழி, எந்தச் சமயம் என்று கேட்கவில்லை, வீட்டு இலக்கமும் கேட்கவில்லை.

2. அரசாங்கம் வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபாயும், குசினிச் சாமான், வீட்டுச் சாமான் வாங்க 50,000 ரூபாயும் அறிவித்தது. காணி உறுதி இல்லாதவர்களுக்கும் சுத்தம் செய்யும் காசு உண்டு என்று சொன்னார்கள். அதைக் கேட்டபோது எங்களுக்கு மனம் ஆறியது, பொய் சொல்ல மாட்டோம். எங்கள் ஊரில் கொஞ்சப் பேருக்குக் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. கிடைத்ததை மறைத்துவிட்டு இந்த மனுவை நான் எழுதவில்லை.

3. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் வெள்ளப் பாதிப்பைப் பதிய வந்தவருக்குத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்தால் இருக்கும் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவும் இளையவளும் அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். பிறகு இளையவளின் புருஷன் அந்த வீட்டுக்கு வருவான். இலக்கம் மட்டும் முன்வீட்டுக்கு. இது ஏமாற்று வேலை இல்லை, அம்மம்மா காலத்திலிருந்து இப்படித்தான். எங்கள் வளவிலும் அப்படித்தான். முன்வீட்டில் நான், என் புருஷன், மூன்று பிள்ளைகள். பின்வீட்டில் அம்மா, தங்கச்சி, அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள். கல்லில் கட்டிய இரண்டு அறை, மேலே தகரம், பக்கத்தில் கிடுகு மேய்ந்த குசினி. அவர்களுக்கு உலை வேறு, அரிசி வேறு, கடைக்கணக்கு வேறு. அரசாங்கம் உதவிக் காசு தரும் அஸ்வெசும பட்டியலில் அவள் தனிக் குடும்பம். வெள்ளப் பட்டியலில் மட்டும் அவளுக்கு வீடே இல்லை.

பதிய வந்தவர் முன்வீட்டைப் பார்த்தார், எழுதினார். தங்கச்சி அவரைப் பின்னால் கூட்டிப்போய்ச் சுவரில் தண்ணி நின்ற கோட்டைக் காட்டினாள். அவர் படமும் எடுத்தார். சேறு அள்ளி வெளியே குவித்திருந்ததையும் பார்த்தார். பிறகு "ஒரு இலக்கம்தானே, ஒரு வீட்டுக்கு ஒரு கொடுப்பனவு" என்றார். அவள் அஸ்வெசும அட்டையை எடுக்க உள்ளே ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் பேனையை மூடிவிட்டு, "அக்காவிடம் பங்கு கேளுங்கோ தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விட்டார்.

ஐயா, அந்த ஒரு வசனம்தான் இந்த மனு. வெள்ளம் எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரே உயரத்துக்குத்தான் நின்றது. அவளுடைய பாய், தலையணை, அரிசி மூட்டை, பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, அம்மாவின் சீனி வருத்தக் குளிசை, எல்லாம் போனது. எல்லாவற்றையும் விடப் பெரியது தையல் மெஷின். அதை அவள் நுண்கடன் எடுத்து வாங்கினாள், சட்டை தைத்துத்தான் கிழமைக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தாள். மோட்டருக்குள் சேறு போய் எரிந்துவிட்டது, சக்கரம் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. மெஷின் செத்துப்போனாலும் கடன் சாகவில்லை, செவ்வாய்க்கிழமை தவறாமல் ஆள் வருகிறார், அவள் அந்த நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் நிற்கிறாள். அவள் புருஷன் மற்றவர்களின் வயலில் கூலிக்குப் போகிறவன். வேளாண்மை அழிந்தால் ஹெக்டேயருக்கு 150,000 ரூபாய் என்று அறிவித்தார்கள், அது வயல்காரருக்கு, அவர்களும் பாவம்தான், அவர்களுக்கும் கிடைக்கட்டும். ஆனால் அழிந்த வயலில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாதவனுக்குக் கூலி இல்லை, அந்தக் கூலிக்கு ஒரு படிவமும் இல்லை.

எனக்குக் கிடைத்ததில் 20,000 ரூபாயை அவளிடம் கொடுத்தேன். என் வீட்டிலும் மூன்று பிள்ளைகள், கட்டில் முறிந்து கிடக்கிறது, என் புருஷன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் சரியாகப் பேசவும் இல்லை. தங்கச்சி மூன்றாம் நாள் 5,000 ரூபாயைத் திருப்பிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். என் பிள்ளைகளின் வாயிலிருந்து தான் எடுத்துத் தின்பதாக அவள் நினைக்கிறாள். முன்பு குழம்பு கொதித்தால் கோப்பை இரண்டு பக்கமும் போய்வரும், இப்போது அவள் கேட்டு வருவதில்லை. இன்னொரு வளவில் அக்காவும் தங்கச்சியும் நடுவில் வேலியே போட்டுவிட்டார்கள். சண்டைக் காலத்தில் ஒரு தறப்பாளுக்குக் கீழ் நாலு குடும்பம் படுத்திருக்கிறோம், அப்போது பிரியாத சகோதரங்கள் ஐயா, ஒரு வீட்டு இலக்கத்தால் பிரிகின்றன. பங்கு கேளுங்கோ என்று சொன்னவர் இதை யோசித்திருக்க மாட்டார். நீங்கள் யோசிக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் இப்படி விடுபட்ட குடும்பங்கள் இருபத்திமூன்று. பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கை, சுவரில் தண்ணி நின்ற கோட்டின் படம் எல்லாம் மூன்று முறை இணைத்தோம். இதோ நான்காவது முறையாகவும் இணைக்கிறோம். போட்டோப் பிரதி எடுத்த காசுக்கே ஒரு நல்ல பானை வாங்கியிருக்கலாம்.

4. "இலக்கம் எடுக்காதது உங்கள் பிழை" என்று ஒருவர் சொன்னார். இலக்கம் எடுக்கப் போனால் காணிப் பத்திரம் கேட்கிறார்கள். 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டையில் வெருகல் தாண்டி வாகரைக்கு ஓடியவர்கள் நாங்கள், அதற்கு முன் 2004இல் சுனாமி. காணிப் பெர்மிட் பத்திரத்தை எந்தப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.

5. அம்மாவுக்கு இப்போது 68 வயது. 1964 டிசம்பர்ப் புயலில் அவவை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மம்மா ஓடினாவாம். பிறகு 78இல், 2000 டிசம்பரில், 2011 தை மாத வெள்ளத்தில், 2020இல் புரேவிப் புயல் வந்தபோது என்று அவ எண்ணிக்கொண்டே போவா. முந்திய காலத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு பிள்ளை வளர்ந்து கலியாணம் முடித்துவிடும், இப்போது ஒன்றின் ஈரம் காயும் முன் மற்றது வருகிறது என்று அவ சொல்லுவா. கடல் சூடேறச் சூடேறக் காற்று அள்ளிக்கொண்டு வரும் ஈரம் கூடுகிறது, ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டுகிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சரி. கடலைச் சூடாக்கியது யார்? தங்கச்சி வீட்டில் எரிவது மூன்று பல்பும் ஒரு விறகடுப்பும். 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில், இப்படி அடிவாங்கும் நாடுகளுக்கென்று இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் வேண்டும் என்று உலக நாடுகளே ஒத்துக்கொண்டன. இந்தப் புயலில் நாடு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சேதம் ஏறத்தாழ 410 கோடி டொலர் என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. சர்வதேச நாணய நிதியம் சுமார் 20 கோடி டொலர் தந்தது, இந்தியா 45 கோடி டொலர் அறிவித்தது, அதில் பெரும் பங்கு கடன். அந்தக் கடனை எங்கள் பிள்ளைகளும்தான் கட்டப் போகிறார்கள், தங்கச்சியின் இரண்டு பிள்ளைகளும் சேர்த்து. கட்டும்போது அவர்களை எண்ணுவீர்கள் அல்லவா? வாக்குக் கேட்டு வந்தவர்களும் பின்வீட்டு வாசல் வரை வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள், அவர்களுக்கு அந்த வாசல் எப்படித் தெரிந்தது? வொஷிங்டனில் இருக்கும் உலக வங்கிக்காரர் எங்கள் நாட்டுச் சேதத்தை மூன்று நாலு கிழமையில் கணக்கெடுத்துவிட்டார்கள் ஐயா, முப்பது அடி நடந்து பின்னால் வந்து இரண்டாவது அடுப்பை எண்ண மூன்றரை மாதம் காணாதா?

6. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான். பின்வீட்டுக் குடும்பங்களைத் தனிக் குடும்பமாகப் பதியுங்கள். இலக்கத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பாருங்கள், தனி உலை இருந்தால் அது தனிக் குடும்பம், இதைவிட நேரான கணக்கு எங்கள் ஊரில் இல்லை. சந்தேகம் இருந்தால் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள், கோயில் நிர்வாகத்தைக் கேளுங்கள், பள்ளிக்கூடத்து இடாப்பைப் பாருங்கள். பொய்யாகப் பதிந்தவர் யாராவது இருந்தால் அவர் பெயரை நீங்கள் வெட்டுவதற்கு முன் நாங்களே வெட்டுகிறோம்.

7. அப்புறம் ஒன்று. எங்களுக்குத் தந்த படிவத்தில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. மாவிலாறு உடையும் என்ற தகவலும் எங்கள் கைப்பேசிக்குத் தமிழில் வரவில்லை, பக்கத்து ஊர்ச் சிங்களப் பையன் ஒருவன் என் புருஷனுக்கு அழைத்துச் சொல்லித்தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். மலையில் பெய்த தண்ணி எங்களிடம் வந்து சேர இரண்டு நாள் எடுத்தது. இரண்டு நாள் ஐயா. ஒரு தமிழ் வசனம் எழுத அது போதும். அது வந்திருந்தால் தங்கச்சி மெஷினை மேசைக்கு மேல் ஏற்றி வைத்திருப்பாள்.

திரும்பவும் கேட்கிறோம், இருபத்திமூன்று குடும்பங்களையும் நேரில் வந்து பார்த்து, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் பட்டியலில் சேர்த்துத் தாருங்கள். முடியாது என்றால் முடியாது என்று எழுதித் தாருங்கள், எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பந்தி என்றும் சேர்த்து எழுதுங்கள், அதை வைத்து மேன்முறையீடு செய்கிறோம். பதிலே இல்லாமல் இருப்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. தங்கச்சி ஒவ்வொரு நாளும் தபால்காரரின் மணிச் சத்தத்துக்கு எட்டிப் பார்க்கிறாள். வந்து பாருங்கள் ஐயா, அல்லது யாரையாவது அனுப்புங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு என்றால் இரண்டு குசினியிலும் புகை தெரியும், எண்ணுவது சுகம். வருகிறவருக்கு வழி தெரியாவிட்டால் கோயில் வாசலில் யாராவது ஒருவர் நிற்போம், எந்த நாள் என்று மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
விடுபட்ட இருபத்திமூன்று குடும்பங்கள் சார்பில்,
முன்வீட்டு மூத்த மகள்

இணைப்பு: குடும்ப விபரப் பட்டியல், சுவர்ப் படங்கள், முத்திரை குத்திய முதல் கடிதத்தின் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு