1967க்குப் பிறகு வராத கிண்ணம்

அன்பின் அப்பாவுக்கு,

நலம். குளிர் கடுமைதான், ஆனால் ரொறன்ரோவில் சனம் குளிரை விட ஐஸ் ஹொக்கியைப் பற்றித்தான் அதிகம் கதைக்கிறது. எங்கு பார்த்தாலும் இந்த நகரத்து அணியான மேப்பிள் லீஃப்ஸின் நீலச் சட்டை. எல்லாம் இங்குள்ள பெரிய ஹொக்கி லீக்கில் (NHL) வெல்லும் அணிக்குக் கொடுக்கும் ஸ்ரான்லி கிண்ணத்துக்காக.

கனடாவின் மகாதேசாதிபதியாக இருந்த ஸ்ரான்லி பிரபு 1892இல் கொடுத்த கிண்ணம் அது, 1893இலிருந்து வழங்கி வருகிறார்கள். வருஷா வருஷம் புதிது செய்வதில்லை. கீழே வெள்ளி வளையங்கள் அடுக்கி, வென்ற அணியின் வீரர்கள் பெயரை அதிலேயே பொறிக்கிறார்கள். நகரின் நடுவில் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள், போய்த் தொட்டே பார்த்தேன். ஹொக்கி வீரர்கள் மட்டும் தாங்கள் வெல்லும் வரைக்கும் அதில் கை வைக்கமாட்டார்கள். 1919இல் காய்ச்சல் பரவி இறுதிச் சுற்று பாதியில் நின்றுபோனது, அந்த இரண்டு அணிகளின் பெயரையும் போட்டு, தொடர் முடிவடையவில்லை என்று பொறித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

ரொறன்ரோ கடைசியாக வென்றது 1967இல், மொன்றியலைத் தோற்கடித்து. என்னோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அதைச் சின்ன வயதில் பார்த்தவர், அவருடைய மகனும் பேரனும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, ஆனால் மூன்று பேரும் ஓர் ஆட்டத்தையும் தவறவிடுவதில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் கிரிக்கெட், அந்த வடக்கின் பெருஞ்சமர் என்றால் மூன்று நாளும் மைதானத்தை விட்டு அசையாத உங்களுக்கு இது விளங்கும் அப்பா.

அந்த ஆட்டம் நடந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கின் கீழ்த்தளம் இப்போது பலசரக்குச் சந்தை. ஐஸ் தளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தைத் தரையில் சிவப்பு வட்டமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள், சனம் வண்டியைத் தள்ளிக்கொண்டு அதன் மேலாலேயே போகிறது. நான் மரக்கறி வாங்கப் போனால் அந்தப் பக்கமாகத்தான் சுற்றி வருவேன்.

இன்னொரு விஷயம். கிண்ணத்தின் வளையங்கள் நிறைந்ததும் மிகப் பழையதைக் கழற்றி அந்தப் பழைய வங்கிக் கட்டடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, புதிதாக ஒன்றைச் சேர்ப்பார்கள், ஒரு வளையத்தில் 13 அணிகள். இப்படியே போனால் இன்னும் சில வருஷங்களில் 1967 அணியின் பெயர்கள் உள்ள வளையமும் கழன்றுவிடும். அதற்குள் லீஃப்ஸ் ஒருமுறையாவது வெல்ல வேண்டும் என்று எனக்குச் சரியான ஆசை. இங்கு வந்த புதிதில் எந்த அணி வென்றால் எனக்கென்ன என்று இருந்தேன், இப்போது அப்படி இல்லை.

சரி அப்பா, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலையிலேயே போன் எடுக்கிறேன், இரவு ஆட்டம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகன்