டிகாக்சினுக்கு முன் ஒரு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இதய வார்டுக்கு முதன்முறை பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவிகள் மருந்துப் பெயர்களை நன்றாகவே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். 'லால்' என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர், 'பிரில்' என்றால் வறட்டு இருமல் வரலாம், 'சார்ட்டன்' என்றால் அது பெரும்பாலும் வராது. எழுத்துத் தேர்வுக்கு இது போதும். எதைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கொடுப்பாய் என்று கேட்டால்தான் திணறுகிறார்கள்.

இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சினையே எடுத்துக்கொள்வோம். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மணிக்கட்டில் 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குவது இதற்கு உதவாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய்) உள்ளவர்களுக்குத்தான் இதை அதிகம் எழுதுகிறார்கள்; அவர்களுக்குத் துடிப்பு தாறுமாறாக இருக்கும், சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வருவதே இல்லை. இடது மார்பில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே, ஐந்தாவது விலா இடைவெளியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். எண்ணியதைக் கேஸ் ஷீட்டில் எழுதவும் வேண்டும்.

கூடவே சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் லாசிக்ஸ் போகிறதா என்று பாருங்கள். அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பொட்டாசியம் 3.5க்குக் கீழே இறங்கினால், ரத்தத்தில் டிகாக்சின் சரியான அளவில் இருந்தாலும் நச்சு விளைவு வரலாம். பசியின்மையும் குமட்டலும் முதலில் வரும். நம் ஊர் நோயாளி அதை, "வாயெல்லாம் கசக்குது சிஸ்டர், பித்தமா இருக்கும்" என்பார். பக்கத்துப் படுக்கைக்காரர் எலுமிச்சம்பழத்தை நீட்டுவார். அந்தப் 'பித்தம்' காதில் விழுந்ததுமே இதயத்துடிப்பையும் பொட்டாசியம் ரிப்போர்ட்டையும் பார்த்தாக வேண்டும். பார்வை மஞ்சளாகத் தெரிவதும் இந்த நச்சின் அறிகுறிதான், ஆனால் அது எல்லாருக்கும் வராது.

குறைந்த பொட்டாசியத்தை ஏற்றும்போது ஆபத்து இன்னும் பெரிது. 10 மி.லி. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலில் (சிறு ஊசிமருந்துக் குப்பியில்) 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது. நேராகச் சிரைக்குள் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஸ்டெரைல் வாட்டரும் இதே 10 மி.லி. ஆம்பூலில் வருகிறது; இரண்டையும் ஒரே டிரேயில் வைக்கவே கூடாது. தொங்கிக்கொண்டிருக்கும் சலைன் பாட்டிலில் அப்படியே சேர்த்தால் அடர்த்தியான மருந்து அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களிலேயே மொத்தமாக உள்ளே போய்விடும். 500 மி.லி. பாட்டிலைக் கீழே இறக்கி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகப் புரட்டிய பிறகே மாட்ட வேண்டும். சாதாரண வார்டில் கைச் சிரை வழியே மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டக் கூடாது. ஆக ஒரு ஆம்பூல் இறங்கக் குறைந்தது இரண்டு மணி நேரம். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அவ்வளவு திரவமே பாரம் என்பதால் டாக்டரிடம் கேட்டு இன்னும் மெதுவாக விடலாம்.

நெஞ்சு வலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வைக்குமுன் நோயாளியை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 90க்குக் கீழே என்றால் கொடுக்கக் கூடாது.

புதுச்சேரி ஜிப்மரில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டு கடலூர் பக்கம் திரும்புகிறவர்கள் கையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களைப் பார்க்கும் செவிலியர் கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) எப்போது பார்த்தது, எவ்வளவு என்று கேட்க வேண்டும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாரா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. இரைப்பையில் ரத்தக் கசிவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. கீரை அசிட்ரோமின் வேலையைக் குறைக்கும் என்பதற்காகக் கீரையே கூடாது என்று பயமுறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டு அடுத்த வாரம் அடியோடு விடுவதுதான் கெடுதல்.

செவிலியர் கல்லூரிகளுக்கு எங்கள் கோரிக்கை இதுதான். செய்முறைத் தேர்வில் மருந்தின் வகையைச் சொல்வதற்குத் தரும் மதிப்பெண்ணைவிட, கொடுக்குமுன் பார்ப்பதற்கு அதிக மதிப்பெண் தாருங்கள். காலி ஆம்பூல்களையும் வயல்களையும் (ரப்பர் மூடியிட்ட மருந்துக் குப்பிகளையும்) வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிமருந்தான ஹெப்பாரின் 5 மி.லி. வயல் இரண்டு விதமாக வருகிறது: ஒன்றில் மொத்தம் 5,000 யூனிட், மற்றதில் 25,000. இரண்டையும் மாணவி கையில் கொடுத்து, லேபிளைப் படித்து, 5,000 யூனிட்டுக்கு எத்தனை மி.லி. எடுப்பாய் என்று கேளுங்கள். ஒன்றில் முழு வயல், மற்றதில் 1 மி.லி.

செவிலியப் பயிற்றுநர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.