உல்ஃப்ரமைட்டில் மாங்கனீசு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறிவியல் பக்கத்தில் வந்த டங்ஸ்டன் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் டங்ஸ்டன் எடுக்கும் தாதுவான உல்ஃப்ரமைட் என்றால் இரும்பு டங்ஸ்டேட் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மாங்கனீசைக் காணோம்! தாதுக் கல்லைப் பொடித்துப் பரிசோதித்தே காலம் தள்ளியவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

உல்ஃப்ரமைட்டில் இரும்பின் இடத்தில் மாங்கனீசு எந்த அளவுக்கும் உட்காரும். இரும்பு மிகுந்தது ஃபெர்பரைட், மாங்கனீசு மிகுந்தது ஹியூப்னரைட். போர்ச்சுகலின் பனாஸ்கெய்ரா சுரங்கத்தில் முன்னது. பெரு நாட்டின் பாஸ்டோ புயெனோவில் பின்னது. கட்டுரையாளரை ரொம்பவும் குறைசொல்ல மாட்டேன். நானே பல வருடம் இதைக் கவனிக்கவில்லை. டங்ஸ்டன் ஆக்சைடு ஃபெர்பரைட்டில் 76.3 சதவீதம், ஹியூப்னரைட்டில் 76.6. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒருமுறை, பாறைப் பிளவை நிரப்பிய ஒரே குவார்ட்ஸ் நரம்பில் எடுத்த இரண்டு துண்டுகளில் இரும்பு, மாங்கனீசு விகிதம் வேறுவேறாக வந்தது. கை பிசகிவிட்டது என்று திரும்பச் செய்தேன். அதே கதை. அப்புறம் நிலவியலாளர் ஒருவர் அதிலிருந்த ஒரு படிகத்தை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் காட்டினார். விரல் நகம் அளவுகூட இல்லாத படிகம். நடுவில் கரிக்கட்டை மாதிரி, ஒளியே புகவில்லை. ஓரத்தில் மட்டும் காய்ந்த ரத்த நிறத்தில் ஒளி கசிந்தது. அந்த ஓரம் மாங்கனீசு மிகுந்த பகுதி.

ஏன் இப்படி மாறுகிறது? பாறைப் பிளவில் ஏறும் வெந்நீர்க் கரைசலிலிருந்து, இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாதுக்களான பைரைட்டோ ஆர்சனோபைரைட்டோ படிந்தால் இரும்பை அவை பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் மாங்கனீசின் கை ஓங்கும். பக்கத்துப் பாறை கால்சியம் கொடுத்தால் டங்ஸ்டன் ஷீலைட்டாகவே, அதாவது கால்சியம் டங்ஸ்டேட்டாகவே, படியலாம். அதில் மாலிப்டினம் கலந்தால், புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர வேண்டியது மஞ்சளுக்குத் திரும்பும். இந்த இரும்பு, மாங்கனீசு விகிதத்தை வைத்தே தாது படிந்த வெப்பநிலையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஒரு சுரங்கத்தில் பொருந்திய விதி இன்னொன்றில் தலைகீழானது. கரைசலில் எது எவ்வளவு இருந்தது என்பதை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும்.

சரி, நான் கேட்பது சின்னத் திருத்தம். ‘இரும்பு, மாங்கனீசு டங்ஸ்டேட்’ என்று மாற்றிப் போடுங்கள். கூடவே, ஷீலைட் என்று பெயர் போட்டிருந்த அந்தக் கறுப்புக் கல் படத்தையும் பாருங்கள். அது உல்ஃப்ரமைட்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதுப் பரிசோதகர் ஒருவர்