அந்த டப்பாவை அப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம்

கீழமாசி வீதி,
மதுரை.

அன்புள்ள சுந்தரம்,

இங்கு அனைவரும் நலம்; அங்கும் அப்படியே இருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் தவறுதான். அதற்குச் சமாதானம் சொல்வதற்கு முன் முதலில் ஒன்றைச் செய். அப்பாவுக்கென்று உன் மைத்துனரிடம் நான் கொடுத்தனுப்பிய சத்துமாவு டப்பாக்களில் ஏதேனும் மிச்சம் இருந்தால், இனிமேல் அதில் அவருக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டாம்.

மாவு கெட்டுப்போகவில்லை, கலப்படமும் இல்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவருக்கு அது ஆகாது என்பதை என் அக்காவின் உடம்பு நோக்காடு பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். மார்கழியில் 7.2 ஆக இருந்த அவளுடைய இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c), பங்குனியில் 8.9 ஆகிவிட்டது. மாத்திரையை அவள் ஒருநாளும் விட்டதில்லை, சோற்றையும் குறைத்திருந்தாள். புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, “தம்பி கடைச் சத்துமாவுதான், அதில் சர்க்கரையே கிடையாது” என்று அவள் பெருமையாகச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து அவளுக்குப் போனது, சுந்தரம். அப்பாவைப் பற்றி நீ கேட்டபோது உனக்கும் அதையேதான் சொன்னேன்.

அன்றிரவு கடையைச் சாத்திய பின், கல்லாவுக்கு மேலுள்ள விளக்கடியில் டப்பாவைத் திருப்பிவைத்து, பூதக்கண்ணாடியால் படித்தேன். முகப்பில் பனைமரமும் கேழ்வரகுக் கதிரும் வரைந்து, ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை, இயற்கை இனிப்பு மட்டுமே’ என்று விரல் தடிமன் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பின்புறத்தில் கடுகளவு எழுத்தில், சேர்மானங்களில் முதலாவதாக நிற்பது கருப்பட்டித் தூள். எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே அந்த மாவில் கேழ்வரகைவிடவும் கம்பைவிடவும் கருப்பட்டியே அதிகம். 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 38 கிராம். ஒரு வேளைக்கு 20 கிராம் மாவு என்று அவர்களாகவே வைத்துக்கொண்டதால் 7.6 கிராம் என்ற சிறிய எண்தான் கண்ணில் படுகிறது. அக்கா போடுவதுபோலவே மூன்று கரண்டி குவித்துத் தராசில் வைத்தேன். 42 கிராம் காட்டியது. காலையும் இரவும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை அவள் உடம்பில் இறங்கியிருக்கிறது. பொதுவாக எல்லோருக்குமே சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவை போதாதென்று மூன்றாவது இடத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் வேறு. லேபிளில் சர்க்கரைக் கணக்கில் வராமல் பெரும்பாலும் மாவுச்சத்துக் கணக்கில் போய்விடும் பொருள் அது, ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை வெகுவேகமாக ஏற்றிவிடும்.

கருப்பட்டியை நான் குறை சொல்லவில்லை. உடன்குடியிலிருந்து ஓலைப்பெட்டியில் வந்திறங்கும் கருப்பட்டியின் வாசத்தில் வளர்ந்தவன் நான். நீயும் எங்கள் கடைத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை துண்டு கடித்திருப்பாய்! ஆனால் அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். குடலில் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிவது, வெள்ளைச் சர்க்கரை பிரிவதைப் போலத்தான். சர்க்கரைக்காரர்களும் கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம் என்று இத்தனை ஆண்டுகள் எத்தனை பேரிடம் சொல்லி விற்றிருப்பேன் என்று நினைத்தால் உறக்கம் வரவில்லை.

அதன் பிறகு கடையில் உள்ள ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘சர்க்கரை இல்லாதது’ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. ‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ என்பதோ வேறு பேச்சு, வாங்குபவர் காதில்தான் இரண்டும் ஒன்றாக விழுகின்றன. அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரித்த பானங்களின் மேல் ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று அச்சிடுவதை நீக்கச் சொல்லி 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. சர்க்கரைக்குப் பதிலாகச் சீனித்துளசி (ஸ்டீவியா) சேர்த்த பிஸ்கட்டுக்கும் இப்போது நல்ல விற்பனை. சீனித்துளசி இரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்பது மெய். அந்த பிஸ்கட்டில் உள்ள மைதா ஏற்றும். எடை குறைப்பதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபோது, ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களைத் தவிர்த்து, சீனித்துளசியையும் சேர்த்தேதான் சொன்னது.

 

அப்பாவுக்கு இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவரிடம் காட்டி, அளவை எனக்கு எழுது. அவருக்காகக் கேழ்வரகையும் கம்பையும் இனிப்பு எதுவும் சேர்க்காமல் என் கண்ணெதிரே வறுத்து அரைத்து இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரும்போது கொண்டுபோகலாம். கூழ் காய்ச்சி மோர் ஊற்றிச் சின்ன வெங்காயத்தோடு கொடுங்கள். அதுவும் மாவுச்சத்துதான் என்பதால் ஒரு கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். மீந்த டப்பாக்களைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்து வா. விநியோகஸ்தர் அடுத்த முறை வரும்போது என் பங்கோடு சேர்த்து அவற்றையும் திருப்பிக் கொடுக்கப்போகிறேன்.

உன்
முருகேசன்