சரவணனுக்கு, தக் லைஃப் பற்றி

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பி.காம். சேர்ந்துவிட்டாள், சின்னவனுக்கு வழக்கம்போலக் கிரிக்கெட்தான்.

அப்புறம், தக் லைஃப் படத்தை ஊரே திட்டுகிறதே, அவ்வளவு மோசமா என்று கேட்டிருந்தாய். தியேட்டரில் ஒரு தடவை பார்த்தேன், மனசு கேட்காமல் நெட்ஃப்ளிக்ஸில் மறுபடியும் பார்த்தேன். மோசம் என்று ஒரே போடாகப் போட முடியவில்லை, ஏமாற்றம்தான். நாயகனுக்கு அப்புறம் மணிரத்னமும் கமலும் சேர 38 வருஷம் ஆகியிருக்கிறது, இசைக்கு ரஹ்மான், கேமராவுக்கு ரவி கே. சந்திரன், நடிக்க சிம்பு, த்ரிஷா, அபிராமி, நாசர், ஜோஜு ஜார்ஜ், ஐஸ்வர்யா லட்சுமி, அசோக் செல்வன், போதாததற்கு வடக்கிலிருந்து மகேஷ் மஞ்ச்ரேக்கரும் அலி ஃபசலும். எவரும் சரியாக நடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நடிக்க அவர்களுக்கு என்ன இருந்தது என்பதுதான் என் கேள்வி.

ஆரம்பம் அருமை. 1994, பழைய டெல்லி, கறுப்பு வெள்ளையில் துப்பாக்கிச் சண்டை. பேப்பர் போடுகிற ஒரு அப்பாவி குண்டடிபட்டுச் சாகிறார், அவருடைய மகள் கூட்டத்தில் தொலைந்துபோகிறாள், தனியாக நிற்கும் அவர் பையனைக் கமல் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறார். சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன். அடுத்து என்ன? பையன் சிம்புவாக வளர்ந்து நிற்கிறார்! இரண்டு பேரும் அப்பா பிள்ளையாக வாழ்ந்ததை நாம் பார்க்கவே இல்லை, வசனத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். அதனால் பின்னால் பனிமலையில் சிம்பு அவரைக் கைவிடும்போது நமக்கு ஒன்றும் வலிக்கவில்லை, அதற்கப்புறம் கமல் பிழைத்து வந்து பழிவாங்கினால் என்ன, வாங்காவிட்டால் என்ன.

நாயகனில் சரண்யா புதுமுகம். விபச்சார விடுதியில், நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்று அவர் கெஞ்சுவாரே, அந்த ஒரு காட்சியில் கமலின் வேலு நாயக்கரும் சரண்யாவின் நீலாவும் யாரென்று முழுசாகத் தெரிந்துவிடும். சுவரில் சாய்ந்து நிற்கும் ஒரு பெண், திகைத்துப்போன ஒரு ஆள், அவ்வளவுதான். இங்கே த்ரிஷாவை வைத்துக்கொண்டு கமலுக்கும் சிம்புவுக்கும் நடுவில் அலையவிட்டிருக்கிறார்கள், அந்தப் பெண் மனசில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசித்த மாதிரியே தெரியவில்லை. இத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு அறிமுகம், ஆளுக்கு ஒரு துரோகம் என்று பங்கு பிரித்தால் நேரம் எங்கே மிஞ்சும்?

இன்னொரு வயிற்றெரிச்சல், முத்த மழை பாட்டு. இசை வெளியீட்டு மேடையில் சின்மயி பாடியதை நீயே எனக்கு அனுப்பியிருந்தாய். தியேட்டரில் அந்தப் பாட்டே இல்லை! எப்போது வரும் என்று என் பக்கத்தில் ஒரு அம்மா கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நடிகர் கூட்டத்தைச் சேர்த்து வீணடித்ததில் கமலின் இந்தியன் 2-க்கும் இதே கதைதான், ஆனால் அதில் ஒரு நல்ல ஆரம்பம்கூடக் கிடையாது என்பதால் அதை விட்டுவிடலாம். ரஜினியின் கூலியில் நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான் என்று மாநிலத்துக்கு ஒருவராக இறக்கியிருந்தார்கள், சௌபின் ஷாஹிர் மட்டும் ஆடியும் மிரட்டியும் தப்பித்துக்கொண்டார். எல்லா ஊரிலும் ஓட வேண்டும் என்று ஊருக்கு ஒரு நடிகரைச் சேர்ப்பது இப்போது வியாபாரக் கணக்கு, சரி, தயாரிப்பாளருக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் மணிரத்னமும் அதே கணக்கைப் போட வேண்டுமா என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நீ இன்னும் பார்க்கவில்லை என்றால் அந்த டெல்லிக் காட்சியை மட்டும் பார், முடிந்ததும் நிறுத்திவிடு. பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா இல்லையா? அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
குமார்