நண்பருக்குக் கடிதம்: பிரசங்கத்தை இனி யார் வாசிப்பது?

யாழ்ப்பாணம்.

அன்புள்ள மரியதாஸ்,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து இம்முறை மடுத் திருவிழாவுக்குப் போய்வர முடிந்தது என்று எழுதியிருந்தீர். வாசித்துப் பெரிதும் மகிழ்ந்தேன். எங்கள் பங்கில் என்ன புதினம் என்று கேட்டிருந்தீர். வருகிற தவக்காலத்தில், கர்த்தரின் பாடுகளை ஒப்பாரியாகச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை வாசிக்கும் பொறுப்பை இரண்டு இளம் பெண்பிள்ளைகளிடம் கொடுப்பதற்குப் பங்குத்தந்தையும் அருட்பணிச் சபையும் இணங்கியிருக்கின்றனர். எங்கள் கோவிலில் இதுவரை ஆண்களே, அதுவும் வயது சென்றவர்களே, அதை இராகமிட்டு வாசித்து வந்தனர் என்பதை நீர் அறிவீர்.

முடிவு எளிதாக எட்டப்படவில்லை. தகப்பன், பாட்டன் காலத்து வழக்கத்தைக் கைவிட்டால் பக்தி குறைந்துவிடும் என்று மூப்பர் ஒருவர் கண்கலங்கச் சொன்னார். அவரை நான் குறைகூற மாட்டேன். போர்க்காலத்திலும் கோவில் விளக்கை அணையவிடாமல் காத்த மனிதர் அவர். ஆனால் அவருக்கு அடுத்து வாசிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குரல்வளமுள்ள இளைஞர்களிற் பலர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கின்றனர். இங்கே ஞாயிறு தவறாமல் வந்து பாடகர் குழாமைத் தாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகளே.

பழமை என்று நாம் போற்றுகிற இந்த வாசிப்பே ஒரு காலத்தில் புதுமையாக வந்தது என்பதைத்தான் நான் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் நம் வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் இல்லாமற் போயினர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் சில்லாலையில் மறைந்திருந்து, இரவு வேளைகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்து, சிதறிப்போன மக்களை மீண்டும் ஒன்றுசேர்த்தார். குரு வரமுடியாத ஊர்களில் செபத்தை நடத்தும் பொறுப்பை அவர் அண்ணாவிமாரிடமும் மூப்பர்களிடமும் ஒப்படைத்தார். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தாம் பிறந்த மண்ணின் மொழியல்லாத தமிழைக் கற்று, கர்த்தரின் பாடுகளை இந்த வியாகுலப் பிரசங்கங்களாக எழுதினார். ஆகவே மூப்பர் என்ற பதவியும் அவர் கையிலிருக்கும் அந்தப் புத்தகமும், பழைய ஒழுங்கு உடைந்துபோன வேளையில் மக்களை நம்பிப் பொறுப்பைக் கைமாற்றிய குருக்களால் நமக்குக் கிடைத்தவை. இதைச் சொன்னபோது அந்த மூப்பர் மறுக்கவில்லை, நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

நாம் இருவரும் பீடப்பணி செய்த நாட்களையும் நினைத்துக்கொண்டேன். பொருள் தெரியாமலே இலத்தீனில் ‘எத் கும் ஸ்பிரித்து தூவோ’ என்று உரக்கப் பதில் சொன்னோம். 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய தன் கொள்கை விளக்கத்தை வெளியிட்டபின், சில ஆண்டுகளுக்குள் குரு நம் முகம் பார்த்துத் தமிழில் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கியபோது, கோவிலே போய்விட்டது என்று உமது ஆச்சி சொன்னதும், பின்னர் அதே ஆச்சி முன் வாங்கில் அமர்ந்து ஒவ்வொரு பதிலையும் மனப்பாடமாகச் சொன்னதும் உமக்கு மறந்திராது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். திருச்சபையே இவ்வளவு தூரம் வந்தபின்னர் ஒரு தவக்கால வாசிப்புக்கு நாம் தடைபோடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1990இல் போரினால் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் தங்களுடன் வேறொரு இராகத்தையும் கொண்டு வந்தன. முதலில் அது நம்மவர்களுக்கு அந்நியமாகப் பட்டது. இரண்டு வாசிப்புகளும் மாறி மாறி நடக்கத் தொடங்கி, காலப்போக்கில் எது யாருடையது என்று பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டன. 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டு அவர்களில் சிலர் திரும்பிச் சென்ற பின்னரும் அந்த இராகம் எங்களிடம் தங்கிவிட்டது. வந்தவர்களுக்கு வாங்கில் இடம் விட்டுக்கொடுத்ததால்தான் நாங்கள் அதைப் பெற்றோம்.

ஆனால் எல்லா மாற்றத்துக்கும் நான் தலையாட்டவில்லை. வாசிப்புக்குப் பின்னணியாக மின்னிசைப் பெட்டி வேண்டும் என்று இளைஞர் சிலர் கேட்டனர். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். அந்த ஒப்பாரி வாசிப்பவரின் மூச்சோடு நீண்டு, மூச்சோடு ஓயவேண்டியது. தாளத்துக்குள் அடைத்தால் அதன் துயரம் செத்துவிடும். பிள்ளைகள் இருவரும் இதை ஏற்றுக்கொண்டனர். அதைவிட எனக்கு ஆறுதல் தந்தது, கண்கலங்கிய அந்த மூப்பரே சனிக்கிழமை மாலைகளில் அவர்களை இருத்தி, எங்கே இழுக்கவேண்டும், எங்கே நிறுத்தி அழவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க முன்வந்தது. அவர் விலகியிருந்தால் இந்த அனுமதியால் பெரிய பயன் விளைந்திராது.

அதனால் உம்மிடம் ஓர் உதவி கேட்கிறேன். 1981இல் மன்னார் தனி மறைமாவட்டமாகப் பிரிவதற்கு முன்னரே உமது தகப்பனார் இராகக் குறிப்புகளை எழுதிவைத்த கொப்பி உம்மிடம் இருக்கிறதல்லவா? அதைப் பிரதியெடுத்து அனுப்பினால் பிள்ளைகளுக்குப் பேருதவியாக இருக்கும். முடிந்தால் பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் நீரும் இங்கு வந்து இரண்டு நாள் தங்கி அவர்களுடைய வாசிப்பைக் கேளும். பிழையிருந்தால் அவர்களிடமே சொல்லும், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உமது அன்பு நண்பன்,
சூசைமுத்து