முன்னாள் படைவீரர் பிள்ளைகளின் கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கும் கல்வி உதவித்தொகை வழங்கக் கோரும் மனு

விடுநர்:
நாயிப் சுபேதார் (ஓய்வு),
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வேலூர்.

பொருள்: முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள், கைம்பெண்கள் ஆகியோரின் உயர்கல்வி உதவியை விரிவுபடுத்த மாநில, மத்திய அரசுகளுக்குப் பரிந்துரைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1997இல் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்து, 26 ஆண்டுகள் பணியாற்றி, 2023இல் நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றேன். பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கும் வட்டாரம் இது. இங்கே நான் எழுதுவது என் ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல.

என் மகள் பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் மாணவிக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவனுக்கு 2,500 ரூபாயும் வழங்குகிறார்கள். ஆண்டுக்கு 5,500 பேருக்குக் கிடைக்கும் இந்த உதவி பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு உரியது. இயற்பியலுக்கு இல்லை. பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியில் பட்டப்படிப்பு வரை உதவி உண்டு. 2025 நவம்பர் 1 முதல் அதை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியதைக் கேட்டு மகிழ்ந்தோம். ஆனால் அது ஹவில்தார் நிலை வரை உள்ளவர்களுக்கு; நாயிப் சுபேதார் அதற்கு அடுத்த படி. தோளில் ஏறிய ஒற்றை நட்சத்திரம் அந்த உதவியையும் என் மகளுக்கு இல்லாமல் ஆக்கிவிட்டது.

மீதி இருந்தது, கல்லூரி மாணவிகளுக்கு மாநில அரசு உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டம். அதற்கு விண்ணப்பிக்க, என் பெயரும் படை எண்ணும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்து அவளுடைய மாற்றுச் சான்றிதழ்களை எடுத்தோம். ஜோத்பூர், பட்டான்கோட், செகந்திராபாத் என்று ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை மூன்று கேந்திரிய வித்யாலயாக்கள். பதினொன்றும் பன்னிரண்டும் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது விதி. விதியைச் சொன்ன ஊழியரைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகவே விளக்கினார். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகள் எந்த ஊரில் படிப்பது என்று முடிவு செய்தது நாங்கள் அல்ல. எனக்கு வந்த இடமாற்ற உத்தரவுகள்தான் முடிவு செய்தன. மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டிலும் எங்கள் பிள்ளைகளுக்கு இதே நிலைதான்.

சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஐம்பது வயதுக்கு முன்பே வீடு திரும்புகிறார்கள். சம்பளம் பாதியாகி ஓய்வூதியமாக வரத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் மூத்த பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் படிப்பு பெரும்பாலும் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி.தான். உதவி அங்கேதான் குறைவு.

எங்கள் தெருவில் ஒரு சகோதரி இருக்கிறார். கணவர் படைப் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். பிளஸ் டூ முடித்தவர், இப்போது பி.காம். படிக்க விரும்புகிறார். கைம்பெண்களுக்கு நல நிதி தருவது இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு. பிரதமர் திட்டம் தருவது தொழிற்படிப்புக்கு. முதல் பட்டமே இல்லாதவர் முதுநிலைக்கு எப்படிப் போவார்?

ஆகவே, கலை, அறிவியல், வணிகவியல் பட்டப்படிப்புகளையும் பிரதமர் திட்டத்தில் சேர்க்கவும், இப்போது பெறும் மாணவர்களின் பங்கு குறையாதபடி 5,500 என்ற எண்ணிக்கையை உயர்த்தவும், நல நிதியின் கல்வி உதவியை நாயிப் சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகளின் பிள்ளைகளுக்கும், முதல் பட்டம் படிக்கும் கைம்பெண்களுக்கும் நீட்டிக்கவும் மத்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். தந்தையின் இடமாற்றத்தால் வெளிமாநிலக் கேந்திரிய வித்யாலயாவில் படித்த ஆண்டுகளை, படைப்பிரிவு தரும் சான்றின் அடிப்படையில், புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கு அரசுப் பள்ளி ஆண்டுகளாக ஏற்க மாநில அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். இவற்றுள் இதுவே உடனடித் தேவை; ஓர் அரசாணை போதும்.

அடுத்த முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இம்மனு மீது எடுத்த நடவடிக்கையைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
நாயிப் சுபேதார் (ஓய்வு)

இணைப்பு: படைவிலகல் புத்தக நகல், மகளின் மாற்றுச் சான்றிதழ் நகல்கள், கல்லூரிப் படிப்புச் சான்று.